செக்கிங்கம்மாவின் மெழுகு நெஞ்சு

தக்கலைக்கும் குளச்சலுக்கும் நடுவில் அசைவது, அசையாதது எல்லாவற்றையும் ஒரு தடவையாவது சந்தேகப்பட்டுப் பார்த்த ஒரே ஜீவன் எங்கள் செக்கிங்கம்மாதான். சுவர்க் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள். கைக்கடிகாரம் சரியா என்று ரேடியோவைக் கேட்பாள். ரேடியோக்காரர் சொல்வது சரியா என்று வெளியே போய் வெயிலைப் பார்த்துவிட்டு வருவாள். வெயிலையாவது முழுசாக நம்பினாளா என்றால், அதற்கும் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

நான் சொல்வது இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில். தக்கலையில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவு வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட எனக்கு அந்த வாசல்தான் காலேஜ். வலியோடு வருகிறவர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதை எந்தப் புஸ்தகத்திலும் அச்சடிக்க முடியாது.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு அப்போதுதான் மேமோகிராம் மெஷின் வந்திருந்தது. பெண்களின் மார்பில் கட்டி கிட்டி இருக்கிறதா என்று எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கிற மெஷின். அதை இயக்குகிற டெக்னீஷியனாக அதோடு கூடவே வந்தவள்தான் இவள். நல்ல கறுப்பு, நல்ல உயரம், கழுத்து வெளுக்கப் பவுடர், யாரைப் பார்த்தாலும் ஒரு கேள்வி. அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளம் வாங்குகிற அன்றைக்கு மட்டும் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் செக்கிங்கம்மாதான். பஸ்ஸில் செக்கிங் ஏறினால் டிக்கெட் எடுத்தவன்கூட எதற்கும் ஒருதடவை பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பான் அல்லவா, அவள் வராந்தாவில் நடந்து வந்தால் எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

அவளுடைய உயிர் ஒரு பெட்டிக்குள் இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரு மெழுகுப் பாளம். அந்த மெழுகுக்குள் தலைமுடி மாதிரி நார்கள், உப்புப்பொடி மாதிரி துகள்கள், பயறு மாதிரி சின்னக் கட்டிகள் புதைத்து வைத்திருப்பார்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதை மெஷினில் வைத்து எக்ஸ்ரே எடுத்து, ஃபிலிமைக் கழுவி, வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தால், மெஷின் யோக்கியமாக இருந்தால் அதெல்லாம் தெரியும். பெரியது எந்த ஓட்டை மெஷினிலும் தெரிந்துவிடும். சின்னது தெரிகிறதா என்பதில்தான் விஷயம். நாலு நாராவது, மூன்று துகள் கூட்டமாவது, மூன்று கட்டியாவது தெரிந்தால் மெஷின் பாஸ். இல்லையென்றால் அன்றைக்கு யாருக்கும் படம் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். செக்கிங்கம்மா தினமும் பார்த்தாள். நேற்று பாஸானது இன்றைக்கும் பாஸாகும் என்பதற்கு என்ன உறுதி என்பது அவள் கட்சி.

நாங்கள் அந்தப் பெட்டிக்கு மெழுகு நெஞ்சு என்று பெயர் வைத்தோம்.

இந்தக் கணக்கு அவள் தலைக்குள் ஏறி, இறங்க வழி தெரியாமல் அங்கேயே குடியிருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் அவியல் வைத்தால் கரண்டியால் கிளறிப் பார்த்து, முருங்கைக்காய் தெரிகிறது, சேனை தெரிகிறது, மற்றதெல்லாம் மங்கல், ஃபெயில் என்று தீர்ப்புச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு மார்க் போடுவாள். எங்கள் அக்கவுண்டன்ட் பெண்ணுக்கு மாப்பிள்ளை போட்டோ வந்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூணு நாரு தெரியுது பிள்ளே. இன்னும் ஒண்ணு தெரிஞ்சா கொள்ளாம்" என்றாள். கல்யாணம் நடந்துவிட்டது. அந்த நாலாவது நாரை அந்தப் பெண் இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

சித்திரை மாத வெயிலில் கரண்ட் போனால் ஏ.சி. நின்றுவிடும். ஏ.சி. நின்றால் மெழுகு இளகிவிடும் என்று அவளுக்குப் பயம். அதனால் மெழுகு நெஞ்சை ஈரத்துண்டில் சுற்றி, சோற்றுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். அப்படிப் போகும்போது ஒருநாள் எலெக்‌ஷன் பறக்கும் படை பஸ்ஸை நிறுத்தியது. பணம் கொண்டு போகிறார்களா என்று ஒவ்வொரு பையாகப் பார்த்து வந்த ஒரு சின்ன வயசு போலீஸ்காரர், துண்டுக்குள் கனமாக ஏதோ இருக்கவும் முகம் மலர்ந்து இது என்ன என்று கேட்டார். செக்கிங்கம்மாவுக்கு விளக்கம் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் போதாதா. "இது ஒரு பெண்ணுக்க மாரு சார். மெஷினுல வச்சு அமுக்கினா எந்தக் கனம் வருமோ அந்தக் கனத்துல செஞ்சது. பிடிச்சுப் பாருங்க" என்று நீட்டினாள். அந்த மனுஷன் நீட்டிய கையைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், பஸ்ஸையும் பார்க்காமல் இறங்கி நேராக ஜீப்பில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அந்த பஸ்ஸில் யாராவது லட்சக்கணக்கில் வைத்திருந்தால் அவர்கள் செக்கிங்கம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள்.

எடை மெஷின் கதை இதைவிட மோசம். மேமோ மெஷினில் ஒரு தட்டு மேலிருந்து இறங்கி மார்பை அழுத்திப் பிடிக்கும். அழுத்தம் குறைந்தால் படம் மங்கிப்போகும். கூடினால் பெண்ணுக்கு உயிர் போகும். அதைச் சோதிக்க, நாம் ஏறி நின்று எடை பார்க்கிற மெஷினைத் துண்டுக்கு நடுவே வைத்துத் தட்டை இறக்கி முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தாள். முள் சரியாக நின்றது. நின்றதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மெஷின் சரி, இந்த எடை மெஷின் சரியா?

அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திங்கள்சந்தையில் ஒரு வாழைக்குலைக் கடைக்குப் போனாள். ஒரு ஏத்தன் குலையைக் கடைக்காரரின் தராசில் நிறுக்கச் சொல்லி, பிறகு தன் மெஷினில் நிறுத்தினாள். இரண்டும் ஒத்து வரவில்லை. எது தப்பு என்று அவள் கேட்ட குரல் சந்தை முழுக்கக் கேட்டது. வாங்க வந்தவர்கள் எல்லோரும் தங்கள் குலையை ஆஸ்பத்திரி மெஷினில் வைக்கச் சொல்லிக் கூடிவிட்டார்கள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, தானே அதன்மேல் ஏறி நின்று பார்த்தார். இறங்கியவர் முகம் செத்துப்போய்விட்டது. "எக்கா, நீரு சந்தேகப்பட்டது நேருதான். உமக்க மெஷினுதான் தப்பு. நான் இவ்வளவு வரமாட்டேன்" என்று சொல்லி, இரண்டு பழமும் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இத்தனை சந்தேகத்துக்கும் தலைவன் தூசி. படம் எடுக்கிற ஃபிலிமை இருட்டறையில் வைத்து ஒரு தட்டையான பெட்டிக்குள் போடுவார்கள். கேசட் என்று பெயர். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் வெள்ளைப் புள்ளியாக வந்து உட்காரும். மார்புப் புற்றுநோயின் முதல் அடையாளமும் சில பேருக்கு அதே மாதிரி வெள்ளைப் புள்ளிதான். எது நோய், எது தூசி என்று பார்க்கிறவருக்குக் குழம்பிவிடும். அதனால் தூசி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு வெப்ராளம், பதறிப்போவாள். எங்கள் வராந்தாவில் துடைப்பம் எடுக்கத் தடை. ஜன்னல் திரைக்குத் தடை. நான் தலையில் வைத்திருந்த பிச்சிப்பூவில்கூடப் பூம்பொடி இருக்கும் என்று சொல்லி வாசலிலேயே எடுக்க வைத்தாள். அப்படியும் வாரத்தில் ஒருநாள் மெழுகு நெஞ்சுப் படத்தில் இல்லாத இடத்தில் ஒரு புள்ளி வந்துவிடும். வந்தால் வெளியே ரோடு போடுகிறவனிலிருந்து பெருக்குகிற அக்காவரை எல்லோருக்கும் ஏச்சு. இருட்டறைக் கூரையில் இருந்த பல்லியிடம் அவள் மணிக்கணக்கில் சண்டை போட்டதை நானே வெளியிலிருந்து கேட்டிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் குளச்சல் வேதக்கோயில்காரர்களோடு சேர்ந்து மீன்காரப் பெண்களுக்கு இலவச மேமோகிராம் முகாம் வைப்பதாக முடிவானது. ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கடலுக்குப் போக மாட்டார்கள் என்பதால், பூசை முடிந்ததும் இருபது பெண்களை வாடகை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருவதாக ஏற்பாடு. அந்த பஸ் மூன்று மணிக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று டிரைவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அந்த இருபது பேரில் ஒருத்தி லூர்தம்மாள். தலைச்சுமையாக மீன் விற்கிறவள். நாங்கள் சைவம், எங்கள் வீட்டில் மீன் கிடையாது. ஆனாலும் அவளுக்கும் எனக்கும் நல்ல சேர்த்தி. விற்று முடிந்தால் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து, ஊர் நாயம் பேசிவிட்டுப் போவாள். அந்த நேரம் மட்டும் செக்கிங்கம்மா இருட்டறையை விட்டு வெளியே வந்ததில்லை. அப்படி ஒருநாள் பேச்சோடு பேச்சாக, இடது மாரில் கல் மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது என்று சொன்னாள். மீன் விலை சொல்கிற அதே குரல். அவளுடைய அக்காளுக்கும் இப்படித்தான் தட்டுப்பட்டிருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, சொன்னபோது நேரம் கடந்து, அக்காள் போய்ச்சேர்ந்துவிட்டாள். அதிலிருந்து இவளுக்கு ஆஸ்பத்திரி என்றாலே நடுக்கம். எத்தனையோ தடவை கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் இந்த முகாமுக்குச் சம்மதித்தாள். ஆனால் ஒரு பேச்சு சொன்னாள். "ஒருக்கா வருவேன். அன்னைக்கு எடுத்தா எடுத்தது. ரெண்டாந்தரம் என்ன விளிக்கப்பிடாது, கேட்டியா."

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் வந்து கதவு திறந்ததும் முதலில் இறங்கியது பவுடர் மணம். பிறகுதான் ஆட்கள் இறங்கினார்கள். எல்லோரும் பூசைக்குக் கட்டிய நல்ல சீலை, கழுத்தெல்லாம் வெள்ளை. மேமோகிராமுக்குப் பவுடர் போடக்கூடாது. எங்கள் நோட்டீஸில் அதைத் தெளிவாகத்தான் போட்டிருந்தோம். கோயிலில் வாசித்த சிஸ்டர் நேரமாகிவிட்டது என்று, சுத்தமாக வாருங்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டார். பரவாயில்லை, துடைத்துக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன்.

எனக்கு அதிசயமாக இருந்தது செக்கிங்கம்மாதான். வாயையும் மூக்கையும் மறைத்து மாஸ்க் போட்டிருந்தாள். அன்றைக்கு அவள் கழுத்திலும் வழக்கத்தைவிட ஒரு படி வெள்ளை அதிகம். அதுகூடப் போகட்டும். அவள் பேசிய தமிழ் இருக்கிறதே. "அனைவரும் வரிசையாக அமருங்கள் அம்மா. சிறிது நேரத்தில் அழைக்கிறோம்" என்றாள். ஏட்டி, பிள்ளே என்று எங்களை விரட்டுகிறவள், திடீரென்று டி.வி.யில் இருந்து இறங்கி வந்தவள் மாதிரி நின்றாள். லூர்தம்மாள் என் காதில், இது எந்த ஊருக்காரி, எப்பம் பார்த்தாலும் நியூஸ் வாசிக்குமா என்று கேட்டாள். நானும் முழித்தேன்.

வழக்கம்போல முதலில் மெழுகு நெஞ்சைப் படம் எடுத்தாள். ஃபிலிமைக் கழுவி வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் அவள் முகம் மாறிவிட்டது. நார் சரியாகத் தெரிந்தது. கட்டியும் தெரிந்தது. துகள்தான் அதிகமாகத் தெரிந்தது. யாரும் புதைத்து வைக்காத துகள், உப்பை அள்ளி இறைத்த மாதிரி. மெஷின் குறைவாக மார்க் வாங்கினால் திட்டலாம். நூற்றுக்கு நூற்றுப்பத்து வாங்கினால் என்ன செய்வது?

கேசட்டைத் திறந்து துடைத்து இரண்டாவது படம் எடுத்தாள். புள்ளிகள் வேறு இடத்தில் வந்தன. வேறு கேசட் எடுத்தாள். அதிலும் புள்ளி. அதற்குப் பிறகு அங்கே நடந்தது யுத்தம். பெருக்குகிற அக்காவைத் தெருவுக்கு அனுப்பினாள். ஏ.சி.யின் மூடியைக் கழற்றிக் கழுவினாள். ஃபேனை நிறுத்தினாள். மதுரையில் இருக்கிற சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ காதுகுத்து வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தது அந்த மனுஷன் செய்த பாவம். குழந்தை அழுத அழுகைக்கு மேலே இவள் சத்தம் கேட்டிருக்கும். ஒவ்வொன்றும் முடிந்து இருட்டறைக்குள் போய், குனிந்து கேசட்டைத் துடைத்து, ஃபிலிம் போட்டுக் கொண்டுவந்து எடுப்பாள். புள்ளிகள் முன்னைவிடக் கூடுதலாக வரும்.

மணி பன்னிரண்டு தாண்டியது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். எங்கள் டாக்டரம்மா நாகர்கோவில்காரர், சாந்தமானவர். படம் எடுத்துத் தாருங்கள், தூசி எது, நோய் எது என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். செக்கிங்கம்மா தலையை ஆட்டினாள். "ஒருத்திக்கு உள்ளது உண்மையா இருந்து, நாம தூசின்னு விட்டுட்டா டாக்டரம்மா?" அப்படியானால் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடலாமா என்று டாக்டரம்மா கேட்டார். செக்கிங்கம்மா துணியை எடுத்துக்கொண்டு மறுபடியும் இருட்டறைக்குள் போனாள்.

வெளியே லூர்தம்மாள் எழுந்துவிட்டாள். சீலை முந்தியை உதறிச் செருகினாள். காலையிலிருந்து சேர்த்து வைத்த தைரியம் சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மெஷினே வேண்டாம் என்று சொல்லிவிட்டது, எனக்கு விதிச்சது இதுதான், போறேன் என்றாள். நான் கையைப் பிடித்தேன். உதறினாள். அவள் படியிறங்கினால் பிறகு ஒருநாளும் ஏறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல், செக்கிங்கம்மா என்று ஒரு விளி விளித்தேன்.

அவள் இருட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்தாள். கருநீலக் கோட்டு, முகத்தில் வியர்வை. "தயவுசெய்து சற்றுப் பொறுங்கள் அம்மா" என்று தன் நியூஸ் தமிழில் கைகூப்பினாள்.

லூர்தம்மாள் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ஏட்டி, நீ உள்ள போட்டோ எடுக்குதியா, முறுக்கு சுடுதியா? நெஞ்செல்லாம் மாவு கெடக்கு."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். செக்கிங்கம்மா குனிந்து பார்த்தாள். கழுத்திலிருந்து வியர்வையோடு உதிர்ந்த பவுடர், கருநீலக் கோட்டின் முன்பக்கம் முழுக்கத் தூவிக் கிடந்தது. ஒரு விரலால் தொட்டாள். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நேராக உள்ளே போனாள்.

உள்ளே போய் டாக்டரம்மாவிடம், ஒரு கேசட்டைத் துடைத்து நீங்களே ஃபிலிம் போட்டுத் தாருங்கள், நான் கிட்டே வரமாட்டேன் என்றாளாம். டாக்டரம்மா போட்டுக் கொடுத்தார். மெழுகு நெஞ்சை எடுத்தார்கள். படம் பளிங்கு. இருக்க வேண்டிய துகள் இருந்தது, இல்லாதது இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே செக்கிங்கம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தானா" என்றாளாம். அவ்வளவுதான். ரோடு போட்டவனும், பெருக்குகிற அக்காவும், நானும் என் பிச்சிப்பூவும், அந்தப் பல்லியும் ஒரே நொடியில் விடுதலையானோம்.

பின்பக்கக் குழாயடிக்குப் போய்க் கழுத்திலும் கையிலும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, கோட்டை மாற்றி, ஈரக் கழுத்தோடு வந்து பெண்கள் முன்னால் நின்றாள். மாஸ்க் இல்லை. இனி ஒவ்வொருத்தராக வந்து பவுடரைக் கழுவிவிட்டு வாருங்கள், தோலில் பவுடர் இருந்தால் உங்கள் படத்திலும் புள்ளி வரும் என்று விளக்கமாகச் சொன்னாள். இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர, ஒருத்தியும் அசையவில்லை. ஒருத்தி, துணியால் துடைத்தால் போதாதா என்று கேட்டாள். இன்னொருத்தி, நான் வேண்டுமானால் அடுத்த வருஷம் வருகிறேன் என்றாள். எனக்கு அது ஏன் என்று விளங்கவில்லை.

லூர்தம்மாள்தான் உடைத்துச் சொன்னாள். "இதக் கழுவினா எங்களுக்க மீன் உளும்பு மணம் வெளிய வரும் மோளே. பஸ்ஸுல ஏறினா ஆளுவ மூக்கப் பொத்துதாவ. வெளிய பொத்தினா நானும் நாலு சொல்லு சொல்லுவேன். இந்த ஏ.சி. ரூமுல துணியில்லாம நிக்கும்ப டாக்டரம்மா மூக்கப் பொத்தினா, நான் என்னத்தச் சொல்ல?"

செக்கிங்கம்மா லூர்தம்மாளின் முன்னால் வந்து நின்றாள். பிறகு பேசினாள். அந்தத் தமிழை அவள் வாயில் நான் அதற்குமுன் கேட்டதில்லை. எங்களிடம் பேசுகிறதும் இல்லை, நியூஸும் இல்லை. அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகினவர்களின் தமிழ்.

"எக்கா, எனக்க அம்மையும் குளச்சல்ல மீன் வித்துத்தான் என்னப் படிக்க வச்சா. காலேஜுல முத நாளு ஒருத்தி எனக்க பக்கத்துல இருக்கமாட்டேன்னு எழும்பிப் போனா. அன்னைக்குச் சாயங்காலம் வாங்கின பவுடரு டப்பா, இன்னும் தீரல்ல. நீங்க வாறியன்னு கேட்டதும், நம்ம ஊருகாரி யாராவது கண்டுபிடிச்சிருவாளோன்னு ரெண்டு பங்கா வாரிப் போட்டேன். அதுதான் இவ்வளவு நேரமும் உங்கள இங்க காயப் போட்டுது. இப்பக் கழுவியாச்சு. வந்து மோந்து பாருங்க."

சொல்லிவிட்டுக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். லூர்தம்மாள் கிட்டே போனாள். ஏலத்தில் மீனின் செவுளை விரித்துப் பார்ப்பார்களே, அந்தக் கவனத்தோடு முகத்தைக் கொண்டுபோய், ஒரு பக்கம் மோந்தாள், மறுபக்கம் மோந்தாள்.

"சோப்பு மணம்தான் வருது மக்கா" என்றாள். பிறகு, "நீ யாருக்க மொவ?"

செக்கிங்கம்மா அம்மையின் பெயரைச் சொன்னாள்.

"சாளை மீன் ஞானத்துக்க மொவளா நீ? அவளுக்க சத்தத்துக்கு ஏலக்காரனே எறங்கிப் போவான். அவ வயித்துல பெறந்துட்டா நீ நியூஸ் வாசிச்ச?"

அதற்குப் பிறகு குழாயடியில் நடந்த கூத்தைப் பார்க்க வேண்டும். இருபது பெண்களும் ஒரு சோப்பும். ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு சிரிப்பு நான் கேட்டதில்லை; பிரசவ வார்டிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து என்ன விசேஷம் என்று கேட்டார்கள். டாக்டரம்மா குழாயடிக்கே வந்து, நேரமாகிறது என்று சொல்லாமல் சும்மா நின்றார். ஒருத்தியும் மூக்கைப் பொத்தவில்லை, பொத்த அங்கே ஒன்றும் இல்லை.

முதல் ஆளாக லூர்தம்மாள் போனாள். தட்டு இறங்கி அழுத்தியபோது உள்ளேயிருந்து ஏச்சுச் சத்தம் கேட்டது. கருவாட்டுக்குக்கூட இவ்வளவு பாரம் வைக்கமாட்டோம் என்று அவள் கத்த, மூச்சைப் பிடியும் எக்கா, பேசினா படம் ஆடிப்போவும் என்று செக்கிங்கம்மா அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். படம் கழுவி வந்தது. டாக்டரம்மா வெகுநேரம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்து அறையில் படுக்க வைத்து ஸ்கேனும் பார்த்தார். நான் டோக்கன் மேசையை விட்டு எழுந்து கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தேன். அந்தச் சமயம் யாராவது டோக்கன் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேனோ தெரியாது.

நீர்க்கட்டி. அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை, ஊசியால் நீரை எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். படம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் சொல்ல முடிந்தது, காலையில் வந்த மாதிரிப் புள்ளிகளோடு வந்திருந்தால் திருவனந்தபுரம் போகச் சொல்லியிருப்பேன் என்றார். திருவனந்தபுரம் போயிருப்பாளா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

லூர்தம்மாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சாயா கேட்டாள். நான் வாங்கிக் கொடுத்த சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். "எங்க அக்காளும் இப்பிடி ஒருக்கா வந்திருக்கலாம்" என்றாள். செக்கிங்கம்மா அடுத்த ஆளைக் கூப்பிட வந்தவள், கூப்பிடாமல் அவள் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

இருபதாவது ஆளுக்குப் படம் எடுத்து முடிக்கும்போது மூன்றரை மணி. டிரைவருக்குக் கல்யாண வீட்டிலிருந்து போன் மேல் போன். இரணியலில் என்னை இறக்கிவிடச் சொல்லி நானும் அந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். முன்னால் இரண்டு சீட் காலியாகத்தான் இருந்தது. செக்கிங்கம்மாவை வா, இங்கே உட்கார் என்று கூப்பிட்டேன். அவள் கேட்காத மாதிரி பின்னால் போய், லூர்தம்மாளுக்கும் இன்னொருத்திக்கும் நடுவில், மூன்று பேருக்கே இடம் போதாத சீட்டில் நாலாவதாக நுழைந்து உட்கார்ந்தாள். அம்மையைப் பார்க்கக் குளச்சலுக்குப் போகிறாளாம். வழியெல்லாம் அவள் சத்தம்தான். யாருடைய மகன் எங்கே கப்பலில் இருக்கிறான், எந்தத் தெருவில் எந்தச் சண்டை இன்னும் தீரவில்லை, எல்லாம் கேட்டுக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பழக்கம் போகுமா.

இப்போது அவள் கத்தாரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஏதோ ஒரு மெஷினைச் சந்தேகப்பட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள். போன் செய்தால் முதலில், உன் குரல் ஏன் இப்படி இருக்கிறது, போன் சரியில்லையா, நீ சரியில்லையா என்றுதான் கேட்பாள். ஆனால் அவளை நினைத்தால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணுக்கு வரும். இரணியலில் பஸ் நின்றது. நான் இறங்கி, ஜன்னலுக்கு வெளியே நின்று கையைக் காட்டினேன். அவள் பார்க்கவில்லை. லூர்தம்மாளின் தோளில் கைபோட்டுக்கொண்டு ஏதோ கதையின் நடுவில் இருந்தாள். பஸ் புறப்பட்டு, வளைவில் திரும்பி மறைகிறவரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து தங்கச்சியை நாலு நாள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்த மாதிரி இருந்தது எனக்கு.